கார்ட் புள்ளியில சென்னை டிக்கெட் வருமா?

கல்லடி டீச்சர்: மாசச் சாமான், பெற்றோல், கரண்ட் பில் எல்லாம் கிரெடிட் கார்டில கட்டினா ஸ்ரீலங்கன் விமானக் கம்பனியின்ட ஃப்ளைஸ்மைல்ஸ் மைல் (டிக்கெட் எடுக்கிற புள்ளி) சேருமாம், வங்கித் தம்பி சொல்றார். அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போக ஆசை. உண்மையா?

ஏறாவூரான்: அக்கா, வங்கிப் புள்ளி வேற, மைல் வேற. எத்தனை புள்ளிக்கு ஒரு மைல் எண்டு முதல் கேளுங்க, புள்ளியை மைலா மாத்தச் சொல்லி வங்கிக்குச் சொல்றதும் நீங்கதான். என்ட கார்டில கரண்ட் பில்லுக்கும் பெற்றோலுக்கும் ஒரு புள்ளியும் விழேல்ல. எட்டு மாசம் கழிச்சு ஸ்டேட்மென்ட்டை விரிச்சுப் பார்த்தாப்பிறகுதான் கண்டன், மடையன் நான். மைல்ல டிக்கெட் எடுத்தாலும் விமான நிலைய வரிக்குக் காசு கட்டோணும்.

வாவிக்கரை: டவுன்ல ஹார்ட்வெயார் கடையில 80,000 ரூபாய்க்குக் கார்டை நீட்டினன். கார்டெண்டா மூண்டு வீதம் கூடவாம். 2,400 ரூபாய்! அந்தளவு புள்ளி எந்தக் காலத்தில சேர்றது? ஏடிஎம்முக்குப் போய்க் காசு எடுத்துக் குடுத்தன். டெபிட் கார்டில எடுங்க, கிரெடிட்டில எடுத்தா அண்டைக்கே வட்டி ஓடும்.

கல்லடி டீச்சர்: நான் முழுப் பில்லையும் திகதிக்கு முதலே கட்டிறனான். அப்ப ஃபுட் சிட்டி சூப்பர்மார்க்கெட் சாமானுக்கு மட்டும் பாவிக்கிறன். அம்மாட்டச் சொல்லேல்ல, சொன்னா நாளைக்கே பெட்டி அடுக்குவா.