புதுப்பிப்பு: ராமானுஜனின் கடைசி ஓராண்டு பற்றி

கணிதமேதை ராமானுஜன் காசநோயால் 32 வயதில் மறைந்தார் என்று சென்ற வாரம் இங்கே உறுதியாக எழுதியிருந்தேன். அந்த உறுதி தவறு. இங்கிலாந்தில் மருத்துவர்கள் காசநோய் என்று கருதியது உண்மைதான் என்றாலும், இந்தியாவிலேயே அவருக்கு முன்பு வந்திருந்த வயிற்றுக்கடுப்பையும் மற்ற அறிகுறிகளையும் ஆராய்ந்த ஆய்வாளர் ஒருவர், கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994இல் எழுதினார். அப்படியென்றால் அது அன்றைக்கே குணப்படுத்தக்கூடிய நோய் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

இளமையில் காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையாலேயே அழித்து அடுத்த வரிக்குப் போனவர் அவர். (துணி எடுத்துத் துடைக்கும் நேரம்கூட அவருக்கு வீண்தான்.) 1919இல் இங்கிலாந்திலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய பிறகும் வலியோடு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்ததாக மனைவி ஜானகி அம்மாள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1920 ஜனவரியில், தன்னைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் 'போலித் தீட்டா சார்புகள்' (தீட்டா சார்புகள் என்ற கணிதச் சார்புகளைப் போலவே தோன்றினாலும் அவற்றிலிருந்து வேறானவை) என்ற புதிய கண்டுபிடிப்பை அறிவித்தார். ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. அந்த ஓராண்டில் எழுதிய தாள்களில் பெரும்பகுதி, 1976இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடைத்தது.