ஒளிந்திருந்த உங்களைக் காட்டிக்கொடுத்தது எது?

தறிக்காரர் பேரன், அம்மாப்பேட்டை

கண்ணாமூச்சி என்று சொன்னாலே "அந்தக் காலம் திரும்ப வருமா" என்று பெருமூச்சு விடத் தொடங்கிவிடுவார்கள். இங்கே அது வேண்டாம். சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் விளையாடியவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். யாரும் கண்டுபிடிக்க முடியாத இடமாகப் பார்த்துத்தானே ஒளிந்தீர்கள்? பிறகு எப்படி மாட்டினீர்கள்?

எங்கள் வீட்டில் குழித்தறி. வாசலை ஒட்டிய அறையைத் தறியே அடைத்துக்கொள்ளும். மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் குடியிருந்தோம். தாத்தா தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பலகைகளை மிதிப்பார். ஒரு பலகையை மிதித்தால், நூல் கோத்திருக்கும் விழுதுகளில் ஒன்று இறங்கும், மற்றது ஏறும். பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய நூல், இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் குறுக்கு நூலைச் சுமந்து நாடா ஓடும். பெரும்பாலும் வெண்பட்டு வேட்டிதான். விளக்கு வைத்ததும் தாத்தா எழுந்துவிடுவார். அதற்குப் பிறகு அந்தக் குழி காலி. சின்னப் பையன் ஒருவன் குந்தி உட்கார்ந்தால் தலை வெளியே தெரியாது.

தேடி வந்தவன் கதவிடுக்கு, கட்டிலடி, அண்டாவின் பின்புறம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பினான். எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. லேசாக நகர்ந்தேன். முழங்கால் மிதிப்பலகையில் பட்டது. ஆளில்லாத தறியில், அரை இருட்டில், விழுது ஒன்று தானாக இறங்கியது, இன்னொன்று ஏறியது. அவன் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. என்னை வெளியே இழுத்தவர் தாத்தா. அடிக்கவில்லை. இரண்டு மூன்று இழை அறுந்திருந்தது. விளக்கை என் கையில் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொரு முனையாகத் தேடி எடுத்து, விரல் நுனியால் முறுக்கி இணைத்தார். அவர் முடிக்கும்வரை கையை இறக்க முடியவில்லை. அதற்கு அடியே தேவலை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் நேரத்தில் எங்கள் பகுதியில் எந்த விளையாட்டும் கிடையாது. அந்த நேரத்தில் ஓடிய பிள்ளைக்கு எல்லா வீட்டிலும் திட்டு உண்டு. சொந்த வீடு, அடுத்த வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண், செவ்வாய்ப்பேட்டை

தம்பி, உங்களுக்குத் தறி என்றால் எங்களுக்குக் கொலுசு. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளி வேலை; நடக்கத் தொடங்கிய குழந்தையின் காலிலும் கொலுசு. அதனால் பெண்பிள்ளைகளுக்கு ஒளிவது இரட்டை வேலை. முதலில் இடம் தேட வேண்டும், பிறகு காலின் வாயை அடைக்க வேண்டும். கொலுசைக் கணுக்காலிலிருந்து மேலே ஏற்றிக் கெண்டைக்காலில் இறுக்கிவிட்டால் மணிகள் சதையில் பதிந்து பேசாமல் இருக்கும். விளையாடி முடித்துக் கீழே இறக்கினால் காலைச் சுற்றி மணிமணியாகத் தடம் இருக்கும். அந்தத் தடத்தைப் பார்த்தே "இவள் ரொம்ப நேரம் ஒளிந்திருந்தாள்" என்று அம்மா சொல்லிவிடுவார்.

ஆனால் என்னைக் காட்டிக்கொடுத்தது கொலுசு இல்லை, அப்பா. பட்டறையில் அவர் பற்றவைத்துக்கொண்டிருந்த மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தேன். தேடுகிறவள் தெருக்கோடிக்குப் போனதும், விளக்குக் கம்பம்தான் தாச்சி, ஓடித் தொட்டுவிடலாம் என்று பாய்ந்தேன். நிலைப்படியில் அப்பாவின் கை என் பாவாடையைப் பிடித்தது. "உதறிவிட்டுப் போ." பட்டறைக்குள் வந்தவர் யாராக இருந்தாலும் துணியை உதறாமல் வெளியே போகக் கூடாது. அராவிய தூள் தரையெல்லாம் கிடக்கும். அந்தக் குப்பையைக் கூட்டிச் சேர்த்து உருக்கினால் அதிலும் வெள்ளி வரும். எங்கள் வீட்டுக் குப்பைக்கு விலை உண்டு. நான் பாவாடையின் மடிப்பு மடிப்பாக உதறிக்கொண்டிருந்தேன். தேடுகிறவள் திரும்பி வந்து வாசலில் கைகட்டி நின்று, உதறி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, என் பெயரைச் சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மனுஷி ஆனதும் எனக்கு ஓட்டம் நின்றது. திண்ணையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திவிடும் வேலையைத் தந்தார்கள். என் தம்பியோ மீசை முளைத்த பிறகும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். அதில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழியும் அந்தத் திண்ணையிலேயே இருந்தது: என் தம்பி ஒளியும் நாள்களில், தேடப்போகும் பிள்ளையின் கண்ணை மூடியிருக்கும் என் விரல்கள் கொஞ்சம் விரிந்திருக்கும்.

மாந்தோப்பு, அயோத்தியாப்பட்டணம்

எனக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மல்கோவா மரம். உச்சிக் கிளை. இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறு எறும்புக் கூடு ஒன்று பின்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை. அதன் மேல் சாய்ந்தேன். யாரும் என்னைத் தேடவேண்டியிருக்கவில்லை.

எஸ்டேட் பிள்ளை, ஏற்காடு

நான் லைன் வீட்டில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவன். ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் ஒளிய இடமே தேட வேண்டாம். நின்ற இடத்திலேயே காணாமல் போகலாம். தேடுகிறவனும் காணாமல் போய்விடுவான், அதுதான் சிக்கல். அதனால் பனி இறங்கினால் கடைசி லைனைத் தாண்டி விளையாடக் கூடாது என்று பெரியவர்கள் கட்டளை போட்டிருந்தார்கள். அந்தக் கட்டளைக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

காப்பிச் செடியைக் கவாத்து செய்து உயரம் போகவிடாமல் வைத்திருப்பார்கள். மேலே இலை அடர்த்தியாக மூடியிருக்கும். அடியில் வெறும் தண்டுதான். குப்புறப் படுத்துக்கொண்டால் வரிசைக்கு அந்தப்பக்கம் நடப்பவர்களின் கால்கள் மட்டும் தெரியும். சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியை இந்த மலைக்குக் கொண்டுவந்தபோது பிள்ளைகள் ஒளிந்து விளையாட இவ்வளவு தோதாக இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்.

அன்றைக்குத் தேடியவன் என் அத்தை மகன். பள்ளியிலிருந்து வந்த வேகத்தில் விளையாட இறங்கிவிட்டான். சீருடையை மாற்றவில்லை, வெள்ளைக் காலுறையைக்கூடக் கழற்றவில்லை. நான் மிளகுக்கொடி படர்ந்த ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பக்கத்தில் செடிக்கு அடியில் படுத்திருந்தேன். பனி இறங்கியது. முதலில் தூரத்து மரங்கள் போயின, பிறகு பக்கத்து வரிசை போனது. சருகு நெரியும் சத்தம் வந்தது. அவசரமே இல்லாத நடை. இரண்டு வெள்ளைக் காலுறைகள் எனக்கு எதிரே வந்து நின்றன.

மூச்சை அடக்கிக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு. பிறகுதான் கொஞ்சம் தள்ளி இன்னும் இரண்டு காலுறைகள் தெரிந்தன. எங்கள் கூட்டத்தில் காலுறையோடு வந்தவன் அவன் ஒருவன்தான். முன்னால் நின்ற காலுறையின் கீழே பார்த்தேன். செருப்பு இல்லை. பிளந்த குளம்பு. குளம்பின் இடுக்கில் ஈரமண்ணும் ஒரு காப்பி இலையும் ஒட்டியிருந்தன.

காட்டெருமையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பு கருத்துத் திரண்டிருக்கும், முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளுத்திருக்கும். வளர்ந்த கடா ஒரு டன் எடைக்குப் பக்கத்தில் வரும். என் தலைக்கு மேலே புஸ் என்று மூச்சு விட்டது. இலை ஒடியும் சத்தம், மெல்லும் சத்தம். அப்போது எங்கோ கீழேயிருந்து என் அத்தை மகன், "உன்னைப் பார்த்துவிட்டேன், வெளியே வா!" என்று கத்தினான். வெறும் பொய், எல்லோரும் கத்துவதுதான். மெல்லும் சத்தம் நின்றது.

தறிக்காரர் பேரன், அம்மாப்பேட்டை

அண்ணா, இந்த இடத்தில் நிறுத்தினால் எப்படி? பிறகு என்ன ஆயிற்று?

எஸ்டேட் பிள்ளை, ஏற்காடு

பெரிதாக ஒன்றுமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது. என் அம்மாவும் பக்கத்து லைன் ஆட்களும் தகரத்தைத் தட்டிக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு தேடி வந்தார்கள். டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்த பிறகும் நான் கண்ணைத் திறக்கவில்லை. அன்றைய ஆட்டத்தில் கண்டுபிடிக்கப்படாத ஒரே ஆள் நான்தான் என்று மறுநாள் சண்டை போட்டேன். அம்மா கண்டுபிடித்தது கணக்கில் சேராது என்று இன்றும் சொல்கிறேன். அத்தை மகன் ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது சுற்றுலா வருகிறவர்கள் காட்டெருமையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கிறார்கள். அது நம்மைத் துரத்துவதில் ஆர்வமுள்ள மிருகம் இல்லை. ஆனால் திடுக்கிட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று மலையில் பிறந்தவர்களாலேயே சொல்ல முடியாது. வண்டிக்குள்ளேயே இருங்கள்.

விசைத்தறி வீடு, இளம்பிள்ளை

மேலே இவ்வளவு பெரிய மாட்டைப் பார்த்த பிறகு என் கதையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினால்தான் கேட்கும். அதனால் தறிக்கூடத்தில் ஒளிந்தால் தும்மலாம், இருமலாம், பாட்டே பாடலாம். 2012இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. பெரியவர்களுக்குக் கூலி போனது. அந்த வேதனை எங்களுக்கு அப்போது புரியவில்லை. கரண்ட் போனால் தெருவில் இறங்கிவிடுவோம், இருட்டில் விளையாடுவோம், வந்தால் தெருவிளக்கு எரிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் அகப்பட்டுக்கொள்வோம்.

நான் மாட்டிக்கொண்டது தறி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். சேலை மடித்து அடுக்கியிருந்த மூலையில் ஒளிந்திருந்தேன். கையில் தட்டுவடை செட் பொட்டலம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் கேரட், பீட்ரூட் துருவலும் வைத்தது. உடனே தின்னாவிட்டால் நமுத்துவிடும், சேலத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேடுகிறவன் மூன்றடி தூரத்தில் என் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தான். இந்தச் சத்தத்தில் என்ன கேட்கப்போகிறது என்று ஒன்றை முழுதாக வாயில் போட்டுக் கடித்தேன். சரியாக அந்த நொடியில் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. ஊர் முழுக்க அடங்கிய அந்த அமைதியில் என் வாயிலிருந்து 'நொறுக்'.

சேகோ (ஜவ்வரிசி) ஆலை, ஆத்தூர் பக்கம்

மரவள்ளிக்கிழங்கு அறுவடை நேரத்தில் ஆலையைச் சுற்றித்தான் எங்கள் விளையாட்டு. கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தேக்கி, தண்ணீரை வடித்தால் அடியில் மாவு படிந்திருக்கும். தொட்டி ஓரம் கால் வைத்தவனுக்குப் பாதம் முழுக்க மாவு. நான் சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். வெள்ளைத் தடம் தொட்டியிலிருந்து சாக்குவரை கோடு போட்டுக் காட்டியது. தேடுகிறவன் வந்தது பெரிதில்லை. அவனுக்கு முன்னால் அதே தடத்தைப் பார்த்துக்கொண்டு மேஸ்திரி வந்துவிட்டார்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா, அழகாபுரம்

இப்போதைய பிள்ளைகள் விளையாடுவதே இல்லை என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தினமும் மாலையில் ஐஸ்பாய் நடக்கிறது. தேடும் பிள்ளை நூறு எண்ணி முடித்ததும் நேராகக் காவலாளியின் அறைக்குப் போய்க் கேமராத் திரையைப் பார்க்கிறது! இது அழுகுணி ஆட்டம் என்று புகார் வந்து, திரையைப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளே விதி செய்தார்கள். பிறகு காவலாளிக்கு பிஸ்கட் கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள். அதற்கும் தடை. வண்டி நிறுத்துமிடத்தில் எந்தத் தூணின் பின்னால் நின்றால் கேமராவுக்குத் தெரியாது என்று என் மகளுக்கு அத்துப்படி. கேமரா மாட்டிய எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அது தெரியாது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மகள் வேண்டாம் என்கிறாள்.

ரயில்வே குடியிருப்பு, சூரமங்கலம்

விதி என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். சட்டை மாற்றுவது செல்லுமா? இரண்டு பேர் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு, சுவர் ஓரமாகத் தோளை மட்டும் வெளியே காட்ட வேண்டும். தேடுகிறவன் சட்டையைப் பார்த்துப் பெயரைத் தவறாகச் சொன்னால் மறுபடியும் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ண வேண்டும். எங்கள் குடியிருப்பில் இது முழுக்க முழுக்கச் செல்லும்.

மாந்தோப்பு, அயோத்தியாப்பட்டணம்

செல்லாது. முகத்தைப் பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. சட்டையைப் பார்த்துச் சொல்கிறவனுக்கே முதலில் ஒரு குட்டு.

கொலுசுப் பட்டறை வீட்டுப் பெண், செவ்வாய்ப்பேட்டை

செல்லும். நாங்கள் தாவணியையே மாற்றியிருக்கிறோம். கொலுசையும் மாற்றிப் போட்டோம். எந்தக் கொலுசு எந்த வீட்டு வேலை என்று எங்கள் தெருவில் தொலைவில் கேட்டே சொல்லிவிடுவார்கள்.

ரயில்வே குடியிருப்பு, சூரமங்கலம்

அக்கா சொன்ன பிறகு பேச்சில்லை. ஆனால் எங்களுக்கு வேறொரு தலைவலி இருந்தது. எங்கள் வரிசையில் இரட்டைப் பிள்ளைகள். அவர்கள் சட்டை மாற்றவே தேவையில்லை. யார் பெயரைச் சொல்லிப் பிடித்தாலும் "நான் அவன் இல்லை, மறுபடி எண்ணு" என்பார்கள். நூறு எண்ணி எண்ணித் தேடுகிறவன் அழுதுவிடுவான். கடைசியில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெயர், எதைச் சொன்னாலும் பிடிபட்டதாகக் கணக்கு என்று முடிவு செய்தோம். அடுத்த ஆட்டத்திலேயே பெரியவன் பிடிபட்டான். உடனே எங்கோ ஒளிந்திருந்த சின்னவன் தானாக ஓடிவந்து, "அவன் என் பெயரைத்தான் சொன்னான், நானும் அவுட்" என்று தேடுகிறவனின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். இதற்கு என்ன விதி செய்வது?