பள்ளி திறந்த முதல் வாரம்: உங்கள் வகுப்பில் என்ன நடந்தது?

கணக்கு டீச்சர் (தொடக்கப் பதிவு)

கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்த மாதங்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு மறக்காமல் நிற்பது திறந்த முதல் வாரம்தான். ஆறாம் வகுப்பு. புத்தகம் பின்னத்தில் தொடங்குகிறது. முக்காலையும் அரையையும் கூட்டச் சொல்லிக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், முகக்கவசங்களுக்கு மேலே வெறும் கண்கள். ஒரு கைகூட எழவில்லை. சரி, கூச்சம் போகட்டும் என்று எளிய கழித்தல் ஒன்று கொடுத்தேன்: 502-இலிருந்து 187. பாதிப் பேருக்கு மேல் 485 என்று எழுதியிருந்தார்கள்.

அந்த விடை எப்படி வந்தது என்று பிடிபட எனக்கே ஒரு நிமிடம் ஆனது. எது மேலே, எது கீழே என்று பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள். கடன் வாங்குவது என்ற ஒன்றே நினைவில் இல்லை. நான்காம் வகுப்பு முடியும் முன்பே வீட்டுக்குப் போன பிள்ளைகள் நேரே ஆறாம் வகுப்பு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இதைப் பார்த்த பிறகும் நான் பின்னத்தைத்தான் நடத்தினேன். போர்ஷன் எங்கே நிற்கிறது என்று வாராவாரம் மேலிருந்து கேள்வி வந்தது. 485 பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்த தேர்வில் கிடைக்க வேண்டியது கிடைத்தது. அப்புறம்தான் தினமும் முதல் இருபது நிமிடத்தை மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு ஒதுக்கினேன். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டைப் பிரித்து, மறுபடி கட்டி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இதை அவமானமாக நினைப்பார்கள் என்று பயந்தேன். அவர்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் படித்த ஓர் ஆய்வு என்னை உலுக்கியது. 2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியில் பெரும் நிலநடுக்கம். பள்ளிகள் மூடியிருந்தது சுமார் மூன்று மாதம். நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் போனபோது வீடுகள் எழுந்துவிட்டன, குடும்பங்களும் பொருளாதாரத்தில் தேறிவிட்டன. ஆனால் நிலப்பிளவுக்கு அருகே இருந்த பிள்ளைகள், தொலைவில் இருந்தவர்களைவிட ஒன்றரை ஆண்டுப் படிப்பு பின்தங்கியிருந்தார்கள். மூன்று மாதம் எப்படி ஒன்றரை ஆண்டானது? திறந்த பிறகு, விட்ட இடத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே மேலே நடத்திக்கொண்டு போனதில்தான் இடைவெளி வளர்ந்திருக்க வேண்டும். இன்னொன்றும் அதில் இருந்தது: தொடக்கக் கல்வியை முடித்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு தெரியவில்லை.

உங்கள் வகுப்பில் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினீர்கள்?

கணினி ஆசிரியர்

எங்கள் பள்ளி வசதியானது. எல்லாருக்கும் மடிக்கணினி, தடையில்லாத நெட். முதல் வாரமே ஆன்லைன் வகுப்பு தொடங்கிவிட்டோம் என்று பெருமைப்பட்டோம். நான் பேசியது முப்பது கறுப்புக் கட்டங்களோடு. 'கேட்குதா?' என்று கேட்டால் 'யெஸ் சார்' என்று ஒரே ஒருவன் எழுதுவான். ஒரு நாள் வகுப்பு முடிந்தும் ஒரு கட்டம் வெளியேறவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். பையன் லாகின் செய்துவிட்டுத் தூங்கியிருக்கிறான், முதல் பீரியடிலிருந்து.

நெதர்லாந்தில் அகலக்கற்றை இணையம் இல்லாத வீடு அரிது. அங்கே 2020-இல் பள்ளிகள் எட்டு வாரம்தான் மூடியிருந்தன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இழந்தது பள்ளியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டார்கள். மூடியிருந்த காலமும் ஏறத்தாழ அதே அளவு. வீட்டில் இருந்தபடி ஒன்றுமே புதிதாகக் கற்கவில்லை என்று அர்த்தம். பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு இன்னும் கூடுதல். கருவி இருந்தால் போதும் என்று நினைத்த என் போன்றவர்களுக்கு அது சரியான அடி.

மூன்று பிள்ளைகளின் அம்மா

கறுப்புக் கட்டமாவது உங்களுக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒரே போன், அதுவும் என்னோடு வேலைக்கு வந்துவிடும். இரவு ஒன்பது மணிக்கு மூன்று பேருக்கும் சண்டை. வாட்ஸ்அப் குழுவில் அறுபது எழுபது செய்தி, பாதிக்குப் பாதி 'நன்றி மிஸ்'. பெரியவள் எல்லாவற்றையும் நோட்டில் பார்த்து எழுதுவாள். புரிந்ததா என்று கேட்டால் 'எழுதியாச்சு' என்பாள்.

சின்னவனின் மிஸ் மட்டும் வாரம் ஒருமுறை சாதாரண அழைப்பில் பேசினார். நெட் தேவையில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒரு கணக்கு சொல்லி, அவன் வாயாலேயே வழியைச் சொல்ல வைப்பார். கால் மணி நேரம் இருக்கும். அதற்காகவே அந்த நாளில் முகம் கழுவித் தயாராக உட்கார்ந்திருப்பான். பள்ளி திறந்தபோது மூன்று பேரில் தேறியிருந்தது அவன் ஒருவன்தான்.

கணினி ஆசிரியர்

அம்மா, நீங்கள் சொன்னதையே போட்ஸ்வானாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2020-இல் பள்ளி மூடியபோது சில குடும்பங்களுக்கு வாரம் ஒரு கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள், சிலருக்கு அதோடு ஓர் அழைப்பும். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை. அழைப்பும் சேர்ந்த இடத்தில் இருந்தது. பின்னர் கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலும் செய்து பார்த்தார்கள். அந்த மிஸ் இதையெல்லாம் படித்துவிட்டா செய்தார்?

கொரோனா பேட்ச் மாணவன்

நான் அந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவன். எழுதவே இல்லை. பழைய மதிப்பெண்களை வைத்து ஏதோ சூத்திரம் போட்டார்கள். முந்தைய ஆண்டு நான் விளையாட்டுத்தனமாக இருந்தேன், கடைசி ஆண்டுதான் உட்கார்ந்து படித்தேன். அந்தப் படிப்பு எந்தக் கணக்கிலும் வரவில்லை. இன்னும் வேலைக்கான நேர்காணலில் 'ஓ, அந்த பேட்ச்சா' என்று ஒரு சிரிப்பு வரும்.

இங்கிலாந்தில் 2020 ஆகஸ்டில் நடந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதல், நான் தனியாள் இல்லை என்று. அங்கும் தேர்வு நடக்கவில்லை. ஏ-லெவல் என்னும் பள்ளி இறுதித் தேர்வுக்காக ஆசிரியர்கள் மதிப்பிட்டுக் கொடுத்த தரங்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தை ஓர் அல்காரிதம், அதாவது கணினியில் போட்ட சூத்திரம், குறைத்துவிட்டது. மாணவர் படித்த பள்ளி முந்தைய ஆண்டுகளில் எப்படித் தேறியது என்பதும் அதில் கணக்கு. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், சில நாட்களில், 17-ஆம் தேதி, அரசு பின்வாங்கியது. எங்களுக்காக யாரும் பின்வாங்கவில்லை. எல்லா முட்டையையும் ஒரே இறுதித் தேர்வில் வைத்ததால்தானே, அது இல்லாதபோது கைவசம் வேறு ஒன்றுமே இல்லாமல் போனது?

தலைமை ஆசிரியை

போர்ஷன் எங்கே என்று கேட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி. எனக்கும் மேலே கேட்பவர்கள் இருந்தார்கள், அது சமாதானம் ஆகாது.

என் நினைவில் இருப்பது வேறு. வருகைப் பதிவேட்டில் பதினேழு பெயர்களுக்கு எதிரே தொடர்ந்து காலி. நானும் ஓர் ஆசிரியையும் மாலைகளில் வீடு வீடாகப் போனோம். ஒருவன் பட்டறையில், கையெல்லாம் கிரீஸ். 'அடுத்த மாசம் வரேன் மிஸ்' என்றான், கண்ணைப் பார்க்காமல். ஒரு பெண்ணுக்குத் திருமணமே முடிந்திருந்தது. பதினொரு பேரை மீட்டோம். ஆன்லைன் வருகைக் கணக்கில் இந்தப் பதினேழு பேரும் 'குறைந்த ஈடுபாடு' என்று இருந்தார்கள். அவ்வளவுதான்.

உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில். எத்தனை பேர் திரும்பியிருக்க மாட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சியரா லியோன் இதை முன்பே பட்டுத் தெரிந்துகொண்ட நாடு. எபோலா என்ற கொள்ளைநோயால் மூடிய பள்ளிகள் 2015-இல் திறந்தபோது, கருவுற்ற மாணவிகள் வகுப்புக்கு வரக் கூடாது என்று தடை போட்டார்கள். தடையை விலக்கியது 2020 மார்ச்சில், அடுத்த நோய் வாசலில் வந்து நின்றபோது. பள்ளிக் கதவைத் திறப்பதும் பிள்ளைகளைத் திரும்ப வரவழைப்பதும் ஒரே வேலை இல்லை.

அறிவியல் ஆசிரியர்

சின்னதாக ஒன்று. டென்மார்க் 2020 ஏப்ரல் நடுவிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறந்தது, சிறு குழுக்களாக, முடிந்த மட்டும் திறந்த வெளியில். எங்கள் கட்டடத்தில் சன்னலைத் திறக்கப் போனால் ஆணியடித்து வைத்திருந்தார்கள், எந்தக் காலத்திலோ, பையன்கள் எட்டிக் குதிக்கிறார்கள் என்று. பிடுங்கினோம். போன மாதம் பார்த்தேன், மறுபடி அடித்திருக்கிறார்கள்.

கணக்கு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. தலைமை ஆசிரியைக்குக் கொஞ்சம் கூடுதலாக.

ஆனால் எல்லாப் பழியையும் கிருமியின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் 57 சதவீதம் பேர் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாமல் இருந்தார்கள் என்று உலக வங்கி சொன்னது, அது பெருந்தொற்றுக்கு முந்தைய கணக்கு. 2022-இல் அது 70 ஆகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஏறியது பதின்மூன்று. மீதி எப்போதும் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தது.

ஆண்டு தொடக்கத்தில் இப்போதும் 502-ஐத்தான் முதலில் கொடுக்கிறேன். இந்த ஆண்டு வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிகள் மூடியபோது பள்ளியிலேயே சேர்ந்திருக்கவில்லை. ஒன்பது பேர் 485 என்று எழுதியிருக்கிறார்கள். குச்சிக் கட்டுகளை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.