கோடு பதினொன்றுதான் இருக்கு, அண்ணே!

போன ஆகஸ்டில் நடந்தது. சுங்கை சிப்புட்டில் எங்கள் தையல்கடை வரிசை முழுக்க ஜாலூர் கெமிலாங், 14 கோடு போட்ட நம் மலேசியக் கொடி. நான் மட்டும் மாடி ஜன்னலில் ஒரு பழைய கொடியைத் தொங்கவிட்டேன். 1957-இல் தோட்டத்துக்காரர்கள் கேட்டுத் தாத்தா தைத்தவற்றில் மிஞ்சியது அது. சிவப்பு வெளுத்து மருதாணிக் கறை மாதிரி ஆகிவிட்டது. நட்சத்திரத்தைச் சுற்றிப் போட்ட கைத்தையல் மட்டும் ஒரு இழை விடவில்லை.

பத்து மணிக்கு ஒரு தம்பி மோட்டாரை நிறுத்தினான். "அண்ணே, கோடு பதினொன்றுதான் இருக்கு. தப்பான கொடி. இறக்கிடுங்க, பிரச்சினையாகும்." படமும் பிடித்துவிட்டான். கோபம் வரவில்லை. நின்று கோடு எண்ணுகிறவன் எத்தனை பேர்?

உட்காரவைத்து ஒரு தே தாரேக் வாங்கிக் கொடுத்துச் சொன்னேன். மாநிலத்துக்கு ஒரு கோடு. அப்போது மலாய் மாநிலங்கள் 9, பினாங்கு, மலாக்கா, ஆக 11. 1949-இல் கொடிக்குப் போட்டி வைத்தபோது 373 வரைபடங்கள் வந்தன. ஜொகூர் பொதுப்பணித் துறையில் இருந்த முகமது ஹம்சா வரைந்ததுதான் தேறியது. 1957 மெர்டேக்கா, அதாவது சுதந்திர நள்ளிரவில், பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் இறங்கியதும் ஏறியது இந்த 11 கோட்டுக் கொடி. 1963-இல் சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து 14 ஆனது. 1965-இல் சிங்கப்பூர் போய்விட்டது, கோடு போகவில்லை. கூட்டரசு அரசாங்கத்துக்கென்று அதை வைத்துக்கொண்டார்கள்.

"அப்போ தப்பில்லையா?"

"வயசான கொடிப்பா, அவ்வளவுதான்."

மறுநாள் ஆண்டுகளை எழுதி ஒரு அட்டையைக் கீழே கட்டினேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பீடோரிலிருந்து ஒருவர்:
நான் ஏமாந்த கதை வேறு. ஈப்போவில் ஒரு பழைய கட்டடத்து முகப்பில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நாலு பட்டை, நடுவே ஓடும் புலி. பார்த்ததும் சோழர் கொடி என்று மகளிடம் அடித்துவிட்டேன்! உள்ளே இருந்த சீனப் பெரியவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நாலும் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே கூட்டாக இருந்தபோது பறந்த கொடியாம். நாலு மாநிலக் கொடிகளின் நிறங்களையும் சேர்த்திருக்கிறார்கள். பேராக்கின் வெள்ளை, மஞ்சள், கறுப்பு தினமும் கண்ணில் படுவதுதான். எனக்கு உறைக்கவே இல்லை.

தெலுக் இந்தானிலிருந்து ஒரு அக்கா:
எங்கள் வீட்டில் ராட்டை போட்ட மூவர்ணக் கொடி இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில், நேதாஜி வந்த சமயம், பாட்டி தோட்டத்தில் வாங்கிவைத்தது. வருகிறவர்கள் எல்லாம் "அசோகச் சக்கரம் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். சக்கரம் 1947-இல் வந்தது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வேறு நாட்டுக் கொடி என்பதால் வெளியில் கட்டுவதில்லை, கூடத்துச் சுவரோடு சரி. பூச்சி அரிக்கிறது தம்பி, என்ன செய்யலாம்?

தையல்கடைக்காரர்:
அக்கா, பூச்சி உருண்டையைத் துணிமேல் நேராகப் போட்டுவிடாதீர்கள். பழைய வெள்ளை வேட்டியில் சுருட்டி வையுங்கள், மடிக்க வேண்டாம், மடிப்பில்தான் கிழியும். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் தாத்தாவின் கொடியை இனி வெளியே கட்டுவதாக இல்லை, நகல் தைக்கிறேன். சிவப்பு ஆறு, வெள்ளை ஐந்து வெட்டியாச்சு. நட்சத்திரத்தின் 11 முனைதான் உயிரை வாங்குகிறது.