மதுரை–ராமேஸ்வரம்–குமரி லேண்ட் பேக்கேஜ்: வெளிமாநில ஏஜென்ட்டுகளின் பி2பி குழுக்களில் சேர்வது எப்படி?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். மதுரையில் இரண்டு இன்னோவா, ஒரு டெம்போ டிராவலர் வைத்து ஓட்டுகிறோம். இதுவரை உள்ளூர் லாட்ஜ்கள் வழியாக வரும் சவாரி மட்டும்தான். இனி குஜராத், மகாராஷ்டிரா ஏஜென்ட்டுகளுக்கு அறை, வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து லேண்ட் பேக்கேஜாகவே கொடுக்க நினைக்கிறோம். டிராவல் ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் வியாபாரம் பேசும் (பி2பி) வாட்ஸ்அப், டெலிகிராம், பேஸ்புக் குழுக்கள் ஏராளமாக இருக்கின்றன. எதில் சேர்வது, என்ன ஆவணம் கேட்பார்கள்? சேர்ந்தபின் என்கொயரி வர என்ன செய்ய வேண்டும்? முகம் தெரியாத ஏஜென்ட்டை நம்பிப் பணம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன வழி? ஜிஎஸ்டி இன்னும் எடுக்கவில்லை. அது இல்லாமல் ஓட்ட முடியுமா?

---

குமரிமுனை:

லிங்க் தட்டினாலே உள்ளே விடும் குழுக்களை விட்டுவிடுங்கள். அங்கே வாங்குகிற ஏஜென்ட் இருக்க மாட்டார். உங்களைப் போல விற்க வந்தவர்களின் போஸ்டர்கள்தான் நாள் முழுக்க ஓடும். அட்மின் ஆவணம் பார்த்துச் சேர்க்கிற குழு, போஸ்டர் போடுவதற்குத் தனி நாள் அல்லது நேரம் வைத்திருக்கிற குழு, பணம் தராதவர்களைப் பற்றிய புகாரை வெளிப்படையாகப் பேச விடுகிற குழு, இந்த மூன்றும் பொருந்துகிற இடம் கிடைத்தால் போதும். அப்படி நான்கைந்துக்கு மேல் யாராலும் கவனிக்க முடியாது. கட்டணம் கேட்டால், கட்டுவதற்கு முன் உறுப்பினர் பட்டியலில் சூரத், ராஜ்கோட், புனே ஏஜென்ட்டுகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தயங்குகிற அட்மினிடம் சேர வேண்டாம்.

வழக்கமாகக் கேட்பவை: விசிட்டிங் கார்டு, அலுவலகப் பெயர்ப்பலகையின் படம், பான், ஜிஎஸ்டி அல்லது உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று. உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், அதற்குப் பணம் கேட்பவர் தரகர். எந்த நகலை அனுப்பினாலும் அதன் குறுக்கே 'இன்ன குழுவில் உறுப்பினராக மட்டும்' என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதார் போதும். இந்த நகல்களை வைத்து உங்கள் பெயரிலேயே வேறொருவர் அட்வான்ஸ் வாங்குவது நடக்கிறது.

வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கில் பெயரை நிறுவனப் பெயரோடு நிறுத்தாமல் 'மதுரை – தென் தமிழக லேண்ட்' என்று ஊரும் வேலையும் தெரிகிற மாதிரி வையுங்கள். அவசரத்தில் இருக்கிற ஏஜென்ட் குழுவுக்குள் 'மதுரை' என்று தேடுவார், உங்கள் நிறுவனப் பெயரைத் தேட மாட்டார்.

சங்கங்களைப் பொறுத்தவரை, 1951இல் தொடங்கிய டாய் (TAAI, டிராவல் ஏஜென்ட்டுகள் சங்கம்), 1982இல் தொடங்கிய ஐயாட்டோ (IATO, டூர் ஆபரேட்டர்கள் சங்கம்) எல்லாம் பெரியவை. ஆனால் ஐயாட்டோ வெளிநாட்டுப் பயணிகளை வரவழைப்பவர்களுக்கானது. உள்நாட்டுச் சுற்றுலாவுக்கு அட்டோய் (ADTOI, உள்நாட்டு டூர் ஆபரேட்டர்கள் சங்கம்) பொருந்தும். சுற்றுலா அமைச்சகத்தின் 'நிதி' (NIDHI) என்ற பதிவுத் தளத்திலும் விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்கலாம், கட்டாயமில்லை. இவற்றையெல்லாம் ஒரு சீசன் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

---

நான்மாடம்:

என்கொயரி வருவதைவிட அதற்குப் பதில் சொல்வதுதான் வேலை. குழுவில் '4 பேர், தீபாவளி, மதுரை ராமேஸ்வரம் கன்னியாகுமரி, ரேட் அனுப்பவும்' என்று ஒரு வரி வரும். உடனே ஒரு தொகையை எறிந்துவிடாதீர்கள். தனிச்செய்தியில் போய் இவற்றைக் கேளுங்கள்: வந்திறங்கும் ரயிலோ விமானமோ, அதன் நேரம், திரும்புவது மதுரையா திருவனந்தபுரமா, குழந்தைகளின் வயது, தனிப் படுக்கை வேண்டுமா, காலை உணவோடு சிபியா, இரவு உணவும் சேர்த்து எம்ஏபியா, ஜெயின் சாப்பாடா, யாராவது வெளிநாட்டு பாஸ்போர்ட்டா. கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். குஜராத்திக் குடும்பங்களில் லண்டன், அமெரிக்கா உறவினர்கள் கூடவே வருவார்கள். அவர்கள் தங்கும் விவரத்தை ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் பதிய வேண்டும் (சி படிவம் என்பார்கள்). அந்த வசதி இல்லாத சின்ன லாட்ஜ் இரவு பத்து மணிக்கு அறை இல்லை என்று கைவிரித்துவிடும்.

வண்டிக் கணக்கு. மதுரை–ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ., ராமேஸ்வரம்–குமரி சுமார் 310, குமரி–திருவனந்தபுரம் சுமார் 90. ஆக 570 என்று ரேட் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் உண்டு. திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டு வண்டி காலியாக மதுரைக்குத் திரும்ப இன்னும் 300 இருக்கிறது. ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் நான்கு நாளைக்கு ஆயிரம் கி.மீ. என்று வைத்துக்கொள்வதுதான் சரி. நாளொன்றுக்குக் குறைந்தது 250 என்கிற வழக்கமான கணக்கும் அதையேதான் சொல்கிறது. டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, கேரள எல்லைச் செலவு உள்ளே அடக்கமா, வெளியேயா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். 'எல்லாம் அடக்கம்' என்று எழுதினால் படகு டிக்கெட்டையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.

உங்களுக்குப் பெயர் வாங்கித் தரப்போவது ரேட் அல்ல, ஊர் விவரம். ராஜ்கோட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30க்குச் சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும் என்பதோ, உள்ளே செல்போனுக்கு அனுமதியில்லை என்பதோ தெரியாது. ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் வேண்டுமானால் முந்தின இரவே அங்கே தங்க வேண்டும். 22 தீர்த்தமாடியபின் ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், மாற்று உடை தேவை. விவேகானந்தர் பாறைக்குப் படகு மாலை 4 மணியோடு நின்றுவிடும். ராமேஸ்வரத்தில் காலை தாமதமாகக் கிளம்புகிறவர்களுக்கு அன்று படகு கிடையாது, மறுநாள் காலைக்குத்தான் வைக்க வேண்டும். 2024 டிசம்பர் 30 அன்று பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து அதைக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். யாராவது குழுவில் இதுபோல ஒன்றைக் கேட்டால், அவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லையென்றாலும் அன்றே சரியான பதிலைப் போடுங்கள். போஸ்டர் போடாமல் என்கொயரி வருவது இப்படித்தான்.

நெட் ரேட்டை, அதாவது ஏஜென்ட்டுக்கு மட்டும் தரும் அடக்க விலையை, பொதுவில் போடவே கூடாது. அதே குழுவில் உங்களுக்கு அறை தரும் ஹோட்டல்காரரும் இருப்பார், ஏஜென்ட் வேஷத்தில் பயணியும் இருப்பார். ரேட் எப்போதும் தனிச்செய்தியில், 'இந்தத் தேதிவரை செல்லும்' என்ற வரியோடு போக வேண்டும்.

இன்னொன்று: தேதி. குஜராத் கூட்டம் தீபாவளியை ஒட்டி மொத்தமாக இறங்கும். அது முடிந்ததும் கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள். மதுரை, ராமேஸ்வரம், குமரி மூன்றிலும் அறை இறுக்கம். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் ராமேஸ்வரமும், சித்திரைத் திருவிழாவில் மதுரையும் அப்படியே. இந்தத் தேதிகளுக்குச் சாதாரண ரேட்டை அனுப்பிவிட்டால் பின்வாங்க முடியாது.

---

கணக்குவழக்கு:

ஜிஎஸ்டி. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் சேவைக்குப் பதிவு கட்டாயமில்லை, வெளிமாநிலத்துக்கு பில் போட்டாலும்கூட. ஆனால் பி2பி செய்யப்போகிறீர்கள் என்றால் எடுத்துவிடுங்கள். காரணம் இதுதான். டூர் ஆபரேட்டர் என்ற வகையில் முழுத்தொகைக்கு 5% போடுகிறீர்கள், சேவைக் குறியீடு (எஸ்ஏசி) 998555. பதிவுபெற்ற குஜராத் ஏஜென்ட்டும் அதே 5% முறையில் இருந்தால், மற்றொரு டூர் ஆபரேட்டரான உங்களிடம் கட்டிய வரியை அவர் கிரெடிட்டாக எடுத்து, தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். உங்களிடம் பதிவு இல்லையென்றால் அவருக்கு அது கிடைக்காது. பில்லில் ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) வரும். அறை, வண்டி உட்பட மொத்தத் தொகை இது என்று பில்லில் எழுதியிருக்க வேண்டும்.

சிறு வணிகர்களுக்கான எளிய வரிமுறையான காம்போசிஷன் திட்டம் சுலபம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருந்துகொண்டு வெளிமாநிலத்துக்கு பில் போடவே முடியாது.

ஹோட்டல் உங்களிடம் வாங்கும் ஜிஎஸ்டிக்கு இந்த 5% முறையில் கிரெடிட் கிடையாது. அது உங்கள் அடக்கச் செலவு. 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12%இலிருந்து 5% ஆகிவிட்டது. அதற்கு முன் வாங்கிய டாரிஃப் (அறை விலைப்பட்டியல்) கையில் இருந்தால் ஹோட்டலிடம் மறுபடி கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட்டைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம்: குஜராத் 24, மகாராஷ்டிரா 27, நமக்கு 33. அடுத்த பத்து எழுத்து அவருடைய பான். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைத் தேடலாம். சட்டப்பூர்வப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தா, கடைசியாக எந்த மாதம் ரிட்டர்ன் போட்டார் எல்லாம் தெரியும். பல மாதம் ரிட்டர்ன் நின்றிருந்தால் கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் வரும் கணக்கின் பெயரும் இந்தப் பெயரும் பொருந்த வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பணமாக எண்ண வேண்டாம். யுபிஐ, ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்கம், நெஃப்ட் என்றால் 16 எழுத்துள்ள பரிமாற்ற எண் (யுடிஆர்). அந்த எண் உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் தெரிந்தபின் வவுச்சர் (புக்கிங் உறுதிச்சீட்டு) அனுப்புங்கள்.

---

வைகைக்கரை:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். பலரும் 'பாதி இப்போது, பாதி பயணம் முடிந்ததும்' என்கிறார்கள். புதிதாக நுழைகிறவர் மறுத்தால் வேலை வருமா?

---

குமரிமுனை:

பாதியை விட வேண்டாம். முதல் புக்கிங்கில் பத்து சதவீதத்தை, பயணி வந்திறங்கும் அன்று தருவதாக ஏற்றுக்கொள்ளலாம். அந்த நம்பிக்கையைக் காட்டினால்தான் அடுத்த புக்கிங் வரும்.

கணக்குவழக்கு:

இதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணே. இரண்டு இன்னோவா வைத்திருப்பவரின் லாபமே அந்தப் பத்து சதவீதம்தான். 30% வாங்கி அறையை பிளாக் செய்யுங்கள், மீதி பயணத்துக்கு ஏழு நாள் முன்பு. தீபாவளித் தேதி என்றால் ஹோட்டல் திருப்பித்தராத பணமாகக் கேட்கும், அதே நிபந்தனையை அப்படியே ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். ஹோட்டல் கொடுத்த ரிலீஸ் தேதிக்கு (பணம் வராவிட்டால் அறையை விடுவித்துவிடும் தேதி) இரண்டு நாள் முன்பே உங்கள் கடைசித் தேதி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளாக இருந்து ஏஜென்ட்டின் பணம் மாலை ஆறு மணிக்கு வந்தால், அறை மதியமே போயிருக்கும்.

நான்மாடம்:

நானும் முன்பணம் பக்கம்தான். அதைக் கடுப்பில்லாமல் சொல்ல வழி, ஹோட்டலின் கன்ஃபர்மேஷன் எண்ணை வவுச்சரிலேயே போட்டு, 'நீங்களே போன் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதுவது. அவருக்கும் உங்களைப் பற்றி அதே பயம் இருக்கிறது. ஹோட்டல் எண்ணைக் கொடுத்தால் ஏஜென்ட் நேராக ஹோட்டலுக்குப் போய்விடுவார் என்று நினைக்கிறீர்கள். ஒரு சிலர் போவார்கள். ஆனால் வண்டியும் டிரைவரும் கோயில் நேரமும் உங்களிடம்தான் இருக்கின்றன.

பயணிகளின் ஆதார், பாஸ்போர்ட் நகலைக் குழுவில் யாரும் போடக்கூடாது. ஏஜென்ட் தெரியாமல் போட்டால் உடனே நீக்கச் சொல்லுங்கள். ராணுவ அதிகாரி என்று சொல்லி 20 பேருக்கு வண்டி கேட்டு, உங்களுக்குப் பணம் அனுப்புவதற்கென்று 'சரிபார்ப்புக்கு' ஒரு க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு எவரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் வங்கிக்கு முன்பே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அந்த அளவுக்குத்தான் தொகையை முடக்க வாய்ப்பு.