கார்கில் நாளைப் பள்ளியில் எப்படி அனுசரிப்பது?

கேள்வி: ஆசிரியை, கண்டனூர்

ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். இந்த முறை அதை எங்கள் பள்ளியில் அனுசரிக்கும் பொறுப்பு என்னுடையது. மாறுவேடப் போட்டி, நடனம், மிட்டாய் என்று பெற்றோர் சிலர் ஆசைப்படுகிறார்கள். உயிர் கொடுத்தவர்களை நினைக்கும் நாளில் அதற்கு என் மனம் ஒப்பவில்லை. கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா? படையில் பணியாற்றியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற சுபேதார், தேவகோட்டை

டீச்சர், முதலில் கொடி. நாமாக அரைக்கம்பத்தில் இறக்கக் கூடாது. அரசு துக்கம் அறிவித்தால் மட்டுமே அது உண்டு. கொடி முழு உயரத்தில் பறக்கட்டும்.

அடுத்தது, பெயர்கள். நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன். வெலிங்டனில் பயிற்சி பெற்ற காலம் முதல் மனத்தில் பதிந்த ஒன்று உண்டு: இறந்தவனைப் பெயர் சொல்லித்தான் நினைக்க வேண்டும். ‘நமது வீரர்கள்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் பிள்ளைகள் மனத்தில் ஒரு முகமும் நிற்காது. கார்கிலில் 527 பேரை இழந்தோம். அவர்களில் ஒருவர் திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன். 1999 மே மாதக் கடைசியில், படாலிக் பகுதியில் எதிரி மேலே பதுங்கியிருந்த மலைமுகட்டை நோக்கி ஏறியபோது சண்டையில் உயிர்நீத்தார். அவருடைய உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. அந்த ஒரு மாதம் அவர் வீட்டார் எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். எந்த நடனமும் சொல்லாததை அந்தக் கேள்வி சொல்லிவிடும்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால், நம் திருவாடானைப் பக்கத்துக் கடுக்கலூர் ஹவில்தார் பழனி. 2020 ஜூன் 15 அன்று லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் வீழ்ந்த 20 பேரில் ஒருவர். வீர் சக்ரா பெற்றவர். கார்கில் நாளில் கல்வானைப் பேசலாமா என்று யாரேனும் கேட்டால், தயங்காமல் பேசுங்கள். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்திலும் விடுதலைக்குப் பின் நடந்த எல்லாப் போர்களிலும் இறந்தவர்களின் பெயர்கள் ஒரே இடத்தில்தான் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் முன்னோர் நடுகல்லிலும் பெயரையும் எந்தச் சண்டையில் மாண்டான் என்பதையும்தானே வெட்டி வைத்தார்கள்.

மிட்டாய் வேண்டாம் என்பது என் கருத்து. வெற்றியைக் கொண்டாடுவதில் தவறில்லை, படையிலும் கொண்டாடுவோம். ஆனால் முதலில் மலர்வளையம், பிறகு இரண்டு நிமிட மௌனம், அதற்குப் பிறகுதான் மற்றவை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பதில்: பள்ளத்தூர்க்காரர், இப்போது கோலாலம்பூரில்

ஐயா சொல்வது முழு உண்மை. எங்கள் ஆயா வீட்டு ஐயா, அதாவது அம்மாவின் அப்பா, ரங்கூனில் கொண்டுவிற்றவர், அங்கே போய்த் தொழில் செய்தவர். அந்த ஊரைப் பார்க்கப் போனபோது, நகருக்கு வடக்கே தவுக்கியான் போர்க் கல்லறைக்கும் போனேன். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில் நடந்த சண்டைகளில் இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அங்குள்ள தூண்களில் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் வேறொரு கொடியின் கீழ் இறந்தார்கள் என்பதால் நம் ஊரில் யாரும் அவர்களை நினைப்பதில்லை. வீட்டில் முன்னோருக்குப் படைப்பு தவறாமல் நடத்தும் நாம் அவர்களை விட்டுவிடலாமா? உலகப் போர்களில் இறந்தவர்களைப் பல நாடுகள் நினைக்கும் நவம்பர் 11 அன்று ஒரு வகுப்பிலாவது அவர்களைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: ஆசிரியை, கண்டனூர்

இருவருக்கும் நன்றி. பெயர்களை மாணவர்களே வாசிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். மிட்டாய்க்குச் சேர்த்த பணத்தைப் படைவீரர் குடும்பங்களுக்குக் கொடுக்கப் பெற்றோர் சம்மதித்துவிட்டார்கள். எங்கே செலுத்துவது, ஐயா?

பதில்: ஓய்வுபெற்ற சுபேதார், தேவகோட்டை

கொடி நாள் நிதிக்கு, அம்மா. கொடி நாள் டிசம்பர் 7, ஆனால் நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சிவகங்கையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நேரில் கட்டி, பள்ளியின் பெயரில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர்கள் இரண்டு பேரை உடன் அழைத்துப் போங்கள்.