கடலூரிலிருந்து என்.ஏ. (நார்காடிக்ஸ் அனானிமஸ், போதையிலிருந்து மீள்பவர்களின் சுய உதவிக் குழு) மீட்டிங் போவது எப்படி? தமிழில் நடக்குமா?

கெடிலக்கரை:
தம்பிக்கு 23 வயசு. டேபென்டடால்ங்கற வலி மாத்திரையைப் போதைக்குப் போட்டான், இடையிடையே கஞ்சா, பீர். மறுவாழ்வு மையத்தில் 30 நாள் முடிச்சு அடுத்த வாரம் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வர்றான். "மீட்டிங்கை மட்டும் விட்டுடாதீங்க"ன்னு கவுன்சிலர் சொன்னார். நெட்டில் ஒரு முகவரி கிடைச்சது, போன் பண்ணா யாரும் எடுக்கல. கடலூர்லயே பார்க்கணுமா, புதுச்சேரி போகணுமா? கட்டணம் எவ்வளவு? அம்மா கூட உட்காரலாமா? போலீஸுக்குத் தகவல் போகுமான்னு அவன் பயப்படுறான்.

உப்பனாறு:
கட்டணம் கிடையாது, பதிவேடும் கிடையாது. போதையை நிறுத்தணும்ங்கற விருப்பம் ஒண்ணுதான் தகுதி. நடுவில் ஒரு பை சுற்றி வரும். அது வாடகைக்கும் டீக்கும். புதுசா வர்றவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை.

இணையப் பட்டியலை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதீங்க. பெரும்பாலும் சர்ச் ஹாலிலோ பள்ளி வகுப்பறையிலோ கூடுவாங்க. பரீட்சை, திருவிழா, ஐப்பசி கார்த்திகை மழைன்னு வந்தா இடமோ நேரமோ மாறிடும், பட்டியல் பழசாவே கிடக்கும். போன் எடுக்காததுக்கும் காரணம் உண்டு. அந்த நம்பர் அலுவலகம் இல்ல, வேலைக்குப் போற ஓர் உறுப்பினரோடது. சாயங்காலம் 6 மணிக்கு மேல கூப்பிடுங்க, இல்லன்னா வாட்ஸ்அப்பில் இதை அனுப்புங்க: "இந்த வாரம் மீட்டிங் உண்டா? எத்தனை மணிக்கு? தமிழா? ஓபனா குளோஸ்டா? எந்த கேட் வழியா வரணும்?" கடைசிக் கேள்வியை அற்பமா நினைக்காதீங்க. முன்வாசல் பூட்டியிருப்பதைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடறவங்க நிறைய.

இதைவிடச் சுருக்கு வழி ஒண்ணு இருக்கு. பல மையங்களுக்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்தறவங்களோட இதே மாதிரிக் குழு), என்.ஏ. ஆட்கள் உள்ளேயே வந்து மீட்டிங் நடத்துவாங்க. டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே அவங்கள்ல ஒருத்தர் நம்பரைத் தம்பியே வாங்கி வச்சுக்கட்டும். வெளியே வந்த மறுநாளே முதல் மீட்டிங். "ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டுப் போறேன்"னு விட்ட அந்த வாரத்தில்தான் பழைய கூட்டாளி வீடு தேடி வருவான்.

கடலூரா புதுச்சேரியான்னு கேட்டா, சின்ன ஊர்ல ஏ.ஏ. கிடைக்கற அளவுக்கு என்.ஏ. கிடைக்காது. ஏ.ஏ.வின் ஓபன் மீட்டிங்கில் யாரும் உட்காரலாம். குளோஸ்டு மீட்டிங் குடியை நிறுத்த விரும்பறவங்களுக்கு. இவன் பீரும் குடிப்பதால் அதுக்கும் போகலாம், ஆனா அங்கே குடியைப் பத்தி மட்டும்தான் பேசணும். என்.ஏ.வில் மதுவும் போதைப்பொருள் கணக்குதான். அங்கே மாத்திரை, கஞ்சா, பீர்னு பிரிச்சுச் சொல்ல வேண்டியதே இல்ல. நான் சொல்றது: பக்கத்து ஏ.ஏ. வாரம் 2, புதுச்சேரி என்.ஏ. 1.

முருங்கப்பாக்கம்:
பஸ் விஷயத்தையும் சேர்த்துக்கங்க. பைக் வேண்டாம். ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி முள்ளோடை வந்ததும் ரோட்டோரம் வரிசையா ஒயின்ஷாப்தான். பைக்னா நிறுத்தத் தோணும். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்கே டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் இல்லாத சீட்டில் உட்கார்ந்தா முக்கால் மணி, ஒரு மணியில் போய்ச் சேர்ந்துடலாம். கையில் போகவர பஸ் காசும் டீ காசும் போதும். ஜிபே இருக்கற போனைக் கொடுத்துவிட்டா அந்தக் கணக்கு உதவாது.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி வட்டமா இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஒவ்வொருத்தரும் சில நிமிஷம் பேசுவாங்க. குறுக்கே கேள்வியோ அறிவுரையோ கிடையாது. "இன்னிக்குக் கேட்க மட்டும் வந்தேன்"னு சொல்லலாம். என்.ஏ.வில் போதையில்லாம இருந்த நாளுக்கு அடையாளமா கீ டேக் (சாவியில் மாட்டற வில்லை) தருவாங்க: முதல் நாள் வெள்ளை, 30 நாளைக்கு ஆரஞ்சு, 60க்குப் பச்சை, 90க்குச் சிவப்பு.

போலீஸுக்குத் தகவல் கொடுக்கற வழக்கம் இல்ல. ஆனா ரகசியம்ங்கறது குழுவின் ஒழுக்கம், சட்டப் பாதுகாப்பு இல்ல. நிலுவையில் உள்ள கேஸ், விற்றவன் பெயர், வாங்கின இடம், எதையும் அங்கே பேசக் கூடாது. என்.டி.பி.எஸ். (போதைப்பொருள் தடுப்பு) சட்டத்தின் 64ஏ பிரிவைப் பலர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. அது அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ தானா முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தரும் பிரிவு. மீட்டிங் போனதைக் காட்டி அந்தச் சலுகை கேட்க முடியாது.

தென்பெண்ணை:
இதைத் தம்பிகிட்டயும் அம்மாகிட்டயும் கட்டாயம் சொல்லுங்க. 30 நாள் நிறுத்தினதில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். முன்னாடி போட்ட அதே எண்ணிக்கையை இப்போ போட்டா மூச்சு அடங்கிடும், கூட பீர் இருந்தா இன்னும் சீக்கிரம். குறட்டை மாதிரி சத்தம், உதடு நீலம், தட்டினாலும் எழலன்னா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108. "தூங்கட்டும்"னு விடறதுதான் உயிரை வாங்கற தப்பு.

அடுத்தது, மீட்டிங்கில் யாராவது "டாக்டர் மாத்திரையும் போதைதான், தூக்கிப் போடு"ன்னு சொன்னா காதில் வாங்க வேண்டாம். போதையிலிருந்து மீளத் தரும் நால்ட்ரெக்சோனோ புப்ரினார்பினோ எழுதியிருந்தா மருத்துவர் சொல்லும் வரை தொடரணும். மீட்டிங் மருந்துக்கு மாற்று இல்ல. ரிவியூவுக்கு ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ போகலாம். போதை மீட்பு பத்தி போனில் கேட்க 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416.

கெடிலக்கரை:
நன்றி. அம்மா விஷயம்? ஸ்பான்சர்ங்கறது யார்?

உப்பனாறு:
குளோஸ்டு மீட்டிங்கில் அம்மா உட்கார முடியாது, ஓபன்னா வரலாம். குடும்பத்தாருக்குன்னே அல்-அனான், நார்-அனான் தனியா உண்டு. வீடு திரும்பினதும் "என்ன பேசினாங்க"ன்னு கேட்காதீங்க, "சாப்பிட்டியா" போதும்.

ஸ்பான்சர்னா புதுசா வர்றவருக்கு வழிகாட்டற, சில வருஷம் போதையில்லாம இருக்கற, குழுவின் 12 படிகளைச் (மீள்வதற்கான பயிற்சி) செய்து முடிச்ச ஒருத்தர். ஆணுக்கு ஆண்னு வச்சுக்கறதுதான் வழக்கம். முதல் வாரமே முடிவு பண்ண வேண்டாம். 6, 7 மீட்டிங்கில் பேச்சைக் கேட்டு அவனே கேட்கட்டும். கடன் கேட்கறவரும், "நம்ம ரூமுக்கு வா"ன்னு கூப்பிடறவரும் வேண்டாம்.

முருங்கப்பாக்கம்:
மழை நாளுக்கு ஜூம் மீட்டிங் இருக்கு, தமிழிலும் கேட்டுப் பாருங்க. அம்மாவோட கணக்கில் நுழைஞ்சா திரையில் அம்மாவின் முழுப்பேர் வந்து நிக்கும். சேரும் முன்பே பேரை மாத்தி, கேமராவை அணைச்சுட்டு, ஹெட்செட் போட்டு உட்காரணும். ஹெட்செட் தன் ரகசியத்துக்காக இல்ல, மத்தவங்க பேசறது கூடத்தில் இருக்கறவங்க காதில் விழக் கூடாதுன்னு.